பேஸ் பிரீஆம்ப் பெடல்: காதில் விழும் குறையிலிருந்து சரியான தேர்வுக்கு

பேஸ் கிட்டார் வாசிப்பவர்கள் பலர், ஆம்புக்கு முன்னால் ஒலியைப் பெரிதாக்கி வடிவமைக்கும் பிரீஆம்ப் பெடலை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். கிளீன் ஒலி (சிதைக்காத தெளிந்த ஒலி) பிடித்திருந்தால் டிஸ்டார்ஷன் (வேண்டுமென்றே சிதைத்த கரடுமுரடான ஒலி) பிடிப்பதில்லை; டிஸ்டார்ஷன் பிடித்திருந்தால் கிளீன் ஒலி உயிரற்றுக் கிடக்கிறது. மூன்றாவது பெடல், நான்காவது பெடல் என்று பணம் கரைகிறது. பழைய பெடலில் இருந்த குறை இன்னது என்று பிடிபடாதவரை அடுத்த பெடலிலும் அதே குறைதான் வந்து நிற்கும். அதனால் பெடல்களின் பெயர்ப் பட்டியலை விட்டுவிட்டுக் காதில் விழும் குறையிலிருந்தே தொடங்குகிறேன். காரணம் தெரிந்துவிட்டால், எந்த வசதி உள்ள பெடலைத் தேட வேண்டும் என்பது தானாக விளங்கும். புதிய பெடலே தேவையில்லை என்றும் சில நேரம் தெரியவரும்.

எதையும் மாற்றுவதற்கு முன்

எல்லாப் பெடல்களையும் கழற்றிவிட்டு, ஒரே கேபிளில் பேஸை ஆம்புடன் நேராக இணைத்து வாசித்துப் பாருங்கள். குறை அப்போதும் கேட்டால் பெடல் குற்றவாளி அல்ல.

ஒரு மாலை முழுவதும் நான் இதில் ஏமாந்திருக்கிறேன். தந்தியைத் தட்டியதும் சுரம் சரியாகப் பிறக்கும். அழுத்தித் தட்டினால் மட்டும் அதன் தலையில் காகிதம் கிழிவது போன்ற ஒரு கரகரப்பு ஒட்டிக்கொள்ளும். பெடலின் கெயினை (ஒலியைப் பெரிதாக்கும் அளவை) குறைத்தேன், அடாப்டரை மாற்றினேன், கேபிளை மாற்றினேன். கடைசியில் பேஸின் பின்மூடியைத் திறந்து உள்ளே இருந்த 9 வோல்ட் பேட்டரியை மல்டிமீட்டரில் வைத்தால் முள் 7-ஐக்கூடத் தாண்டவில்லை. ஆக்டிவ் பேஸில் (உள்ளேயே பேட்டரியில் ஓடும் சுற்று உள்ள பேஸில்) கேபிள் செருகியிருக்கும் நேரம் முழுவதும் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். வாசிக்கிறோமா இல்லையா என்பது அதற்குப் பொருட்டல்ல. வாசித்து முடித்ததும் கேபிளை உருவிவிடுங்கள். கரகரப்பு கேட்டால் முதலில் அந்தப் பேட்டரியைப் பாருங்கள்.

டிரைவை (டிஸ்டார்ஷன் அளவை) ஏற்றியதும் கனம் காணாமல் போகிறது

அதிகம் கேட்கும் குறை இதுதான். கிளீனில் வயிற்றில் அதிரும் ஈ தந்தி, டிஸ்டார்ஷன் பெடலை மிதித்ததும் கிட்டார் போல மெலிந்துவிடுகிறது. டிரம்மரும் பேஸ் கலைஞரும் மட்டும் உள்ள இடத்தில் பாட்டின் அடித்தளமே உருவிக்கொண்டது போல இருக்கும்.

காரணம் இரண்டு. நான்கு தந்தி பேஸின் திறந்த ஈ தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. ஐந்து தந்தி பேஸின் பி தந்தி சுமார் 31 ஹெர்ட்ஸ். டிஸ்டார்ஷன் என்பது ஒலியலையின் உச்சியை வெட்டித் தட்டையாக்குவது. வெட்டும்போது மேலே புதிய மேற்சுரங்கள் முளைக்கின்றன. மொத்தச் சத்தத்தில் அடிச்சுரத்தின் பங்கு சுருங்குகிறது. அத்துடன் தட்டலின் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கிய அலை ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகிறது. பேஸின் குத்து என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்த ஏற்ற இறக்கம்தான். இரண்டாவது காரணம், கிட்டாருக்காகச் செய்த பெடல்கள் வெட்டுவதற்கு முன்பே கீழ் அலைகளை (தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளை) வேண்டுமென்றே குறைக்கின்றன. ஐபனீஸ் டியூப் ஸ்க்ரீமர் என்ற கிட்டார் பெடலின் சுற்று சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவற்றுக்குக் குறைவான கெயினே கொடுக்கிறது. கிட்டாருக்கு அது வரம். பேஸுக்கோ பாதி உடம்பை வெட்டியது போலாகிவிடுகிறது.

தீர்வு பிளெண்ட். உள்ளே வரும் ஒலியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை வெட்டாமல் அப்படியே விட்டு, மற்றொன்றைக் கடித்துக் குதறி, கடைசியில் இரண்டையும் கலப்பது. கனம் கிளீன் வழியில் வருகிறது, கடுமை டிஸ்டார்ஷன் வழியில் வருகிறது. என்னைக் கேட்டால், கிளீனும் டிஸ்டார்ஷனும் ஒரே பெடலில் வேண்டும் என்பவர் பிளெண்ட் குமிழ் இல்லாத பெடலை வாங்கவே கூடாது. டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் டி.ஐ., டார்க்கிளாஸ் நிறுவனத்தின் மைக்ரோடியூப்ஸ் பி7கே, எம்.எக்ஸ்.ஆர். எம்80 பேஸ் டி.ஐ.+ ஆகிய மூன்றிலும் அந்தக் குமிழ் இருக்கிறது. மூன்றின் குணமும் வேறு வேறு. அடிப்படை உத்தி ஒன்றே.

வாங்கும் இடத்திலேயே சோதித்துவிடலாம். டிரைவை முக்கால் பங்கு ஏற்றுங்கள். பிளெண்டை முழுவதும் டிஸ்டார்ஷன் பக்கம் திருப்புங்கள். திறந்த ஈ தந்தியைத் தட்டி ஒலிக்க விட்டபடி, பிளெண்டை மெல்ல மெல்லக் கிளீன் பக்கம் கொண்டுவாருங்கள். எங்கோ ஒரு புள்ளியில் தரை திரும்பி வந்தது போலக் கனம் காலடியில் வந்து உட்காரும். அந்தப் புள்ளிக்கு வந்த பிறகும் டிஸ்டார்ஷனின் கடுமை தெளிவாகக் கேட்கிறதா? கேட்டால் நல்ல பெடல். கனம் வரும் இடத்தில் கடுமை மறைந்துவிட்டால், அந்த டிஸ்டார்ஷனின் குரல் உங்கள் பேஸுக்குப் பொருந்தவில்லை. எவ்வளவு புகழ் பெற்ற பெடலாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

பிளெண்டை நடுவில் வைத்தால் இரண்டுமே மெலிகின்றன

முழுக் கிளீனில் நன்றாக இருக்கிறது, முழு டிஸ்டார்ஷனிலும் பரவாயில்லை, கலந்தால் மட்டும் உள்ளீடற்ற டப்பா போல ஒலிக்கிறது என்றால் இரண்டு வழிகளும் ஒன்றை ஒன்று அழிக்கின்றன. ஒரு வழியில் அலை மேலே போகும் கணத்தில் மற்ற வழியில் அது கீழே போனால் கூட்டுத்தொகை சுருங்கும். இதன் பாதிப்பு முதலில் தெரிவது கீழ் அலைகளில்தான்.

ஒரே பெடலுக்குள் இருக்கும் பிளெண்டில் இதைப் பெரும்பாலும் வடிவமைப்பாளரே பார்த்துக்கொள்கிறார். தனியாக ஒரு பிளெண்டர் பெடல் வாங்கி, அதன் வளையத்தில் (வேறு பெடலை இணைப்பதற்கான இடத்தில்) பழைய டிஸ்டார்ஷன் பெடலைச் செருகுபவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை வருகிறது. பிளெண்டரில் அலையைத் தலைகீழாக்கும் துருவ மாற்று ஸ்விட்ச் இருந்தால் அதைத் தட்டிப் பாருங்கள். தட்டியதும் கனம் திரும்பினால் வேலை முடிந்தது. தட்டியும் சரியாகாமல், நடுப்பகுதியில் ஏதோ ஓட்டை விழுந்தது போலவே இருந்தால், வளையத்தில் இருப்பது டிஜிட்டல் பெடலா என்று பாருங்கள். டிஜிட்டல் பெடல் ஒலியை எண்களாக மாற்றித் திரும்ப ஒலியாக்க ஒரு சிறு நேரம் எடுத்துக்கொள்ளும். அந்தத் தாமதம் 1 மில்லிவினாடி என்று வைத்துக்கொண்டால், 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக ஒலி அழியும். பேஸின் சுரம் அடையாளம் தெரிவதே அந்தப் பகுதியில்தான். இதற்கு ஸ்விட்ச் வைத்தியம் இல்லை. கலப்பதை அந்த டிஜிட்டல் பெடலுக்கு உள்ளேயே செய்ய வேண்டும், அல்லது வளையத்தில் அனலாக் பெடலை வைக்க வேண்டும்.

டிஸ்டார்ஷனில் சுரங்கள் சேறாகின்றன

இது முதல் குறைக்கு நேர் எதிர். கனம் ஏராளமாக இருக்கிறது, ஆனால் வேகமாக நான்கு சுரம் வாசித்தால் நான்கும் ஒட்டிக்கொண்டு ஒரே இரைச்சலாக வருகிறது. வெட்டும் சுற்றுக்குள் கீழ் அலைகள் அளவுக்கு மீறிப் போகின்றன என்று பொருள்.

இதை நீங்களே கேட்டுப் பார்க்கலாம். டிஸ்டார்ஷனைப் போட்டு, ஈ தந்தியின் ஐந்தாம் கட்டத்தில் ஏ சுரத்தையும், ஏ தந்தியின் நான்காம் கட்டத்தில் அதற்கு அந்தர காந்தாரமாக அமையும் சி ஷார்ப் சுரத்தையும் சேர்த்து ஒலிக்க விடுங்கள். ஏ 55 ஹெர்ட்ஸ், சி ஷார்ப் சுமார் 69 ஹெர்ட்ஸ். அலையை வெட்டும் சுற்று இந்த இரண்டையும் மட்டும் தருவதில்லை; இரண்டின் கூட்டுத்தொகையான 124, வித்தியாசமான 14 என்று புதிய அலைகளையும் சேர்த்தே தருகிறது. 124 ஹெர்ட்ஸ் அந்தச் சுரக்கூட்டில் இல்லாத அந்நியச் சுரம். கேட்கவே காது கூசும். அதே சுரங்களை இரண்டு ஸ்தாயி மேலே வாசித்தால் இவ்வளவு மோசமாக இராது. கீழே வாசிக்கும்போது ஒரு சுரமும் அதைத் தொடர்ந்து வரும் சுரமும் ஒரு கணம் சேர்ந்து ஒலித்தாலே இந்தச் சேறு கிளம்பிவிடும்.

ஆகவே பெடல் தேர்வில் கேட்க வேண்டிய கேள்வி: வெட்டும் இடத்துக்கு முன்பு கீழ் அலைகளைக் குறைக்க வழி இருக்கிறதா? பி7கே-யில் 'கிரண்ட்' என்ற ஸ்விட்ச் இதற்காகவே இருக்கிறது. டிஸ்டார்ஷனுக்குள் எவ்வளவு கீழ் அலை போக வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. அந்த ஸ்விட்ச் குறைவான நிலையில் இருக்கும்போது டிஸ்டார்ஷன் வழி இறுகுகிறது. கனத்தைப் பிளெண்ட் வழியாகக் கிளீன் பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இங்கே பலர் செய்யும் தவறு, பெடலின் பேஸ் குமிழைக் குறைப்பது. பெரும்பாலான பிரீஆம்ப்களில் அந்தக் குமிழ் வெட்டி முடித்த பிறகுதான் வேலை செய்கிறது. சேறு உண்டான பிறகு பேஸைக் குறைத்தால் மெலிந்த சேறு கிடைக்கும், அவ்வளவுதான். உங்கள் பெடலில் முன்பகுதிக் கட்டுப்பாடு இல்லையென்றால், பெடலுக்கு முன்னால் ஓர் ஈக்யூ பெடலை (அலைகளைப் பகுதி பகுதியாக ஏற்றி இறக்கும் பெடலை) வைத்து 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே சற்றுக் குறையுங்கள். ஆக்டிவ் பேஸ் வைத்திருப்பவர்கள் கிட்டாரிலேயே உள்ள பேஸ் குமிழைக் கொஞ்சம் இறக்கினால் போதும்.

வண்டு இரைவது போன்ற ஒலி, அல்லது போர்வை போர்த்திய ஒலி

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: ஸ்பீக்கர். பழைய பேஸ் கேபினட்டின் (ஸ்பீக்கர் பெட்டியின்) 10 அங்குல ஸ்பீக்கர்கள் மேல் அலைகளை இயல்பாகவே வடிகட்டிவிடும். 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. ஆம்பின் உறுமல் நமக்கு இனிமையாகப் படுவதில், அதனுடன் சேர்ந்த எட்டு ஸ்பீக்கர் கேபினட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. இன்றைய கேபினட்கள் பலவற்றில் ட்வீட்டர் (மேல் அலைகளுக்கான சிறு ஸ்பீக்கர்) இருக்கிறது. மிக்சரோ கம்ப்யூட்டரோ எதையும் வடிகட்டாது. டிஸ்டார்ஷனின் மேல் முனை அங்கே அப்படியே கொட்டி, தகரத்தைச் சுரண்டுவது போல இரையும்.

ஆம்பில் மட்டும் இரைச்சல் என்றால் முதலில் ட்வீட்டரை அணைத்துப் பாருங்கள். மிக்சரில் இரைச்சல் என்றால் ஸ்பீக்கர் சிமுலேஷன் (ஸ்பீக்கரின் வடிகட்டலைப் போலவே செய்யும் வசதி) உள்ள பெடல் தேவை, அல்லது மிக்சரில் 5 கிலோஹெர்ட்ஸ் அளவிலிருந்து மேலே வெட்ட வேண்டும். போர்வை போர்த்திய ஒலி என்றால், சிமுலேஷன் செய்யும் பெடலை நிஜக் கேபினட்டுக்குள் செலுத்துகிறீர்கள். வடிகட்டியதையே மறுபடி வடிகட்டினால் மங்கத்தான் செய்யும். சான்ஸ்ஆம்ப் வகைப் பெடல்களில் ஆம்பின் சாயலோடு ஸ்பீக்கரின் சாயலும் சுற்றிலேயே கலந்திருக்கிறது. மிக்சருக்கு நேராகப் போகும் ஒருவருக்கு அது பெரும் வசதி. எப்போதும் கேபினட் வழியாகவே வாசிப்பவர், சிமுலேஷனை அணைக்கும் ஸ்விட்ச் உள்ள பெடலைத் தேடுவது நல்லது. மிக்சருக்குப் போகும் வெளியீட்டில் மட்டும் சிமுலேஷன் இருந்து, ஆம்புக்குப் போகும் வெளியீட்டில் இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

கிளீன் ஒலியிலேயே கறை படிகிறது

ஸ்லாப் (கட்டைவிரலால் தந்தியை அடிக்கும் முறை) வாசிக்கும்போதோ ஓங்கித் தட்டும்போதோ மட்டும் கிளீன் ஒலி நசுங்குகிறது என்றால் எங்கோ இடம் போதவில்லை. எங்கே என்பதுதான் கேள்வி. பெடலின் லெவல் (வெளியீட்டுச் சத்தம்) குமிழைப் பாதியாக்கி, அதே அளவு சத்தம் வரும்வரை ஆம்பின் மாஸ்டரை ஏற்றுங்கள். கறை மறைந்தால், பெடல் ஆம்பின் முன்வாசலைத் திணறடித்திருக்கிறது. மறையாவிட்டால் பெடலின் உள்ளேதான் நசுங்குகிறது. கெயினைக் குறையுங்கள், பேஸிலேயே வால்யூமைச் சற்று இறக்குங்கள்.

9 வோல்ட்டில் ஓடும் சுற்றில் அலை ஏறி இறங்குவதற்கு அந்த 9 வோல்ட்டுக்குள்தான் இடம். 18 வோல்ட்டில் அந்த இடம் இரட்டிப்பாகிறது, அதாவது 6 டெசிபல் கூடுதல். அகிலார் டோன் ஹேமர் பெடலுக்கு இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள் தேவைப்படுவது இதற்காகத்தான். வெளியீடு அதிகமுள்ள ஆக்டிவ் பேஸும் கனத்த கையும் உடையவர்களுக்கு இந்தக் கூடுதல் இடம் உண்மையாகவே உதவும். ஆனால் 18 வோல்ட் ஏற்கும் என்று பெடலிலோ கையேட்டிலோ அச்சிட்டிருந்தால் மட்டுமே கொடுங்கள். இல்லாவிட்டால் பெடல் எரிந்துபோகும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிளீன் என்ற சொல்லுக்குள் இரண்டு ஆசைகள் ஒளிந்திருக்கின்றன. பேஸில் உள்ளதை உள்ளபடி பெரிதாக்கித் தருவது ஒன்று. வால்வு ஆம்பின் கதகதப்போடு, வெட்டு விழும் விளிம்பில் நிற்பது மற்றொன்று. முதலாவதை விரும்புபவர் சான்ஸ்ஆம்ப் வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்; அதன் உயிரே அந்தச் சாயல்தான். இரண்டாவதை விரும்புபவருக்கு ஒளிவுமறைவற்ற பிரீஆம்ப் வறட்டுத்தனமாகப் படும். எந்தக் கிளீன் வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால் பாதிப் பெடல்கள் தாமாகவே பட்டியலிலிருந்து விழுந்துவிடும். பெயரைப் பார்த்தும் ஏமாறக்கூடாது. டியூப் என்றால் வால்வுதான்; ஆனால் டார்க்கிளாஸ் மைக்ரோடியூப்ஸ் என்ற பெயரில் வந்த பி3கே வால்வு வைத்த பெடல் அல்ல, சீமாஸ் (CMOS) வகை டிரான்சிஸ்டர் சில்லுகளைக் கொண்டு வெட்டும் பெடல். ஒலி பிடித்திருந்தால் வாங்குங்கள். வால்வு இருக்கிறது என்று நினைத்து வாங்காதீர்கள்.

தனியாக அருமை, குழுவில் காணோம்

வீட்டில் அமைத்த ஒலி மேடையில் கரைந்துபோவதற்குக் காரணம் பெரும்பாலும் மிட் பகுதி. பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி நடுவைக் குழித்தால் தனியாகக் கேட்கப் பளபளவென்று இருக்கும். குழுவிலோ கீழே கிக் டிரம் இருக்கிறது, மேலே சிம்பலும் கிட்டாரும் இருக்கின்றன. பேஸுக்கு மிச்சமிருந்த இடம் நடுப்பகுதி, அதைத்தான் நாமே வெட்டிவிட்டோம்.

இன்னொரு காரணம் நம் காது. சத்தம் குறையும்போது கீழ் அலைகள் நம் காதுக்கு மற்றவற்றைவிட வேகமாக மங்குகின்றன. ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் 1933-இல் வெளியிட்ட சமச்சத்த வளைகோடுகள் இதைத்தான் காட்டுகின்றன. மெல்லிய சத்தத்தில் பேஸ் குமிழை ஏற்றி அமைத்த ஒலி, மேடையின் சத்தத்தில் குமுறிக் கொட்டும். எனவே பெடலை எங்கே வாசிக்கப்போகிறீர்களோ அந்தச் சத்தத்தில் அமையுங்கள். 500 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை சற்று ஏற்றிப் பாருங்கள். தனியாகக் கேட்டால் மூக்கால் பாடுவது போல இருக்கும், குழுவோடு சேர்ந்ததும் ஒவ்வொரு சுரமும் துலங்கும். மிட் குமிழே இல்லாத பெடலை, அதுவும் டிஸ்டார்ஷனுக்காக, நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மிதித்ததும் சத்தம் தாவுகிறது, அல்லது படுத்துவிடுகிறது

ஒரே லெவல் குமிழ் உள்ள பெடலில் இதைத் தவிர்ப்பது கடினம். கிளீனுக்கு ஒரு வால்யூம், டிஸ்டார்ஷனுக்கு ஒரு வால்யூம் என்று தனித்தனியாக இருக்க வேண்டும். எம்80-இல் அப்படித்தான் இருக்கிறது. ஒரு பாட்டுக்குள்ளேயே இரண்டுக்கும் இடையே மாறி மாறி வாசிப்பவருக்கு, என் கணிப்பில், ஒலியின் அழகைவிட இதுவே முக்கியம். சமப்படுத்தும்போது மீட்டரை நம்பாதீர்கள். டிஸ்டார்ஷன் அலை தட்டையாக இருப்பதால் மீட்டரில் கிளீனைவிடக் குறைவாகக் காட்டினாலும் காதுக்கு அதிகமாகக் கேட்கலாம். டிரம்மரை வாசிக்கச் சொல்லி, அதனோடு காதால் சமப்படுத்துங்கள்.

முனகல், கீச்சொலி, 'டப்' என்ற சத்தம்

மிக்சருடன் இணைத்ததும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் முனகல் வந்தால் தரை இணைப்பு இரண்டு வழியாகச் சுற்றுகிறது. பெடலின் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச், எக்ஸ்.எல்.ஆர். கேபிளின் முதல் முனையைத் துண்டித்து அந்தச் சுற்றை உடைக்கும். மின்செருகியின் தரை முனையை மட்டும் ஒருபோதும் எடுக்காதீர்கள்; உயிருக்கு ஆபத்து. கீச்சொலி என்றால் டிஜிட்டல் பெடலும் பிரீஆம்பும் ஒரே அடாப்டரைப் பகிர்கின்றன. தனித்தனி வெளியீடுள்ள பவர் சப்ளை அதைத் தீர்க்கும். வாங்கும்போது மில்லிஆம்பியர் கணக்கையும் பாருங்கள். டிரைவ் ஏற்றும்போது மட்டும் சீறினால் அது கெயினின் இயல்பு. நாய்ஸ் கேட்டை (மெல்லிய இரைச்சலை அடைக்கும் வசதியை) மெல்ல ஏற்றுங்கள், சுரத்தின் வால் அறுபடத் தொடங்கும் இடத்துக்கு முன்பே நிறுத்துங்கள். 'டப்' சத்தத்துக்கு, 48 வோல்ட் ஃபேன்டம் பவரை (மிக்சர் கேபிள் வழியாக அனுப்பும் மின்சாரத்தை) இயக்கும் முன் மிக்சரில் அந்தச் சேனலை ஊமையாக்கச் சொல்லுங்கள்.

பெடலைச் செருகியதுமே பளபளப்பு மங்குகிறது

பாசிவ் பேஸ் (உள்ளே பேட்டரி இல்லாத பேஸ்) வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. பிக்கப்பின் (தந்தியின் அதிர்வை மின்னலையாக்கும் பகுதியின்) ஒலியைப் பெடலின் உள்வாசல் அமுக்காமல் இருக்க, அதன் உள்ளீட்டு மின்தடை சுமார் 1 மெகாஓம் இருக்க வேண்டும். அதைவிட மிகக் குறைந்தால் ட்ரெபிள் முதலில் போகும். பிரீஆம்பைப் பெடல் வரிசையின் தொடக்கத்தில் வைத்துப் பாருங்கள். அணைத்த நிலையிலும் மங்கல் இருந்தால் முன்னால் உள்ள பெடலையோ கேபிளின் நீளத்தையோ சந்தேகியுங்கள். இந்தக் காரணத்தாலேயே பெடல் வாங்கப் போகும்போது உங்கள் பேஸையும், மேடையில் பயன்படுத்தும் அதே கேபிளையும் எடுத்துப் போங்கள். கடையில் மாட்டியிருக்கும் ஆக்டிவ் பேஸில் சோதித்தால் இந்தக் குறை காதில் விழவே விழாது.